அடி லேயரில் இருந்த ஆள்

போன வாரம் நம் டிசைனர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். வரைவதற்கும் எழுத்து போடுவதற்கும் டேப்லெட் வாங்க வேண்டும், ஸ்கிரீன் உள்ளதா இல்லாததா, எந்தப் பேனா நல்ல பேனா என்று. அதற்குக் கீழே ஆளுக்கொரு கம்பெனி பெயரைச் சொல்லி, நடுவில் இரண்டு பேர் சண்டையும் போட்டுக்கொண்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "சுகுணாக்கா ஏன் கம்முனு இருக்காங்க?" என்று ஒருத்தர் கேட்டபோதும் பேசாமல் இருந்துவிட்டேன். கட்டைவிரலால் நாலு வரி தட்டிவிட்டுப் போகிற விஷயமாக அது எனக்கு இல்லை. பேனர் கடை வேலையை விட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, நேரம் கொட்டிக் கிடக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரக்காரர்கள் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பலாம்.

கடையில் பேனாவைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் ஒரு பூ வரைவார்கள், இல்லையென்றால் சரசரவென்று கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். வேகமாக இழுத்தால் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் இழுக்கும். மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு, எறும்பு போகிற வேகத்தில் ஒரு சாய்கோடு. மட்டமான பேனா என்றால் கோடு நெளியும். உங்கள் கை நடுங்கவில்லை, அதுதான் நடுங்குகிறது. அப்புறம் அழுத்தம். எத்தனை ஆயிரம் அழுத்த நிலை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். தொட்டும் தொடாமலும் வைத்தால் கோடு விழுகிறதா என்பதுதான் கேள்வி. நம் எழுத்தில் சுழி அதிகம். 'ஞ' எழுதிப் பாருங்கள், 'ணை' எழுதிப் பாருங்கள். சுழிக்குள் போய் வெளியே வரும்போது கோடு மெலிந்து மறுபடி தடிக்க வேண்டும். முக்கு முக்காகத் திரும்பினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அஸ்தம்பட்டியில் ஒரு கடைக்காரர் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "மேடம், யாரும் இவ்வளவு நேரம் எழுதிப் பாக்க மாட்டாங்க" என்றார். "அதனாலதான் மறு வாரமே திருப்பிக் கொண்டாந்து குடுக்கறாங்க" என்றேன்.

ஸ்கிரீன் உள்ளதா இல்லாததா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்கிரீன் இல்லாத பலகையில் கை கீழே இருக்கும், கண் எதிரே மானிட்டரில் இருக்கும். கைக்குப் பழக மூன்று மாதம் ஆகும். ஸ்கிரீன் உள்ளதில் பேப்பரில் வரைவது போல நேராகப் படத்தின் மேலேயே வரையலாம், பழக்கமே வேண்டாம். ஆனால் அதில் உங்கள் கையே படத்தை மறைக்கும். பேனா முனை இருக்கிற இடம் தெரியும், உள்ளங்கைக்கு அடியில் இருக்கிற இடம் தெரியாது. எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார். ஒரு பெண்ணைப் புருஷன் உயிரோடு இருக்கும்போதே விதவையாக்கப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் கடை. கல்யாணப் பத்திரிகை, கட்சி பேனர், காதுகுத்து பேனர் எல்லாம் உண்டு. ஆனால் ஆடி மாதம் மார்கழி மாதம் என்று பார்க்காமல் வந்தது கண்ணீர் அஞ்சலிதான். காலையில் உயிர் போனால் மதியத்துக்குள் தெருமுனையில் பேனர் நிற்க வேண்டும். சாவு வீட்டில் அழுகைக்கு நடுவில் போட்டோவைத் தேடுவார்கள். நல்ல போட்டோ யாரிடமும் இருக்காது. ரேஷன் கார்டில் இருப்பது, பந்தியில் குனிந்து சாப்பிடும்போது எடுத்தது, கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனில் எடுத்தது. "இதுல கண்ணு மட்டும் தொறந்து குடுத்துடுங்க" என்பார்கள். கடையில் அந்த வேலைக்குக் கண் திறப்பு என்றே பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. ஓமலூரிலிருந்துகூட என் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள். அந்தப் பேரால் எனக்குத் திமிரும் இருந்தது.

கண் திறப்பில் இமைக்கோடு வரைவது பெரிய வித்தை இல்லை. விழியின் நிறமும் பெரிய விஷயம் இல்லை. விழிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி வைக்க வேண்டும், பேனாவால் ஒரே ஒரு தொடுதல். அதை வைக்கும்வரை அது படம். வைத்ததும் ஆள் வந்துவிடுவார். எத்தனையோ முறை செய்த பிறகும் அந்த நொடியில் எனக்கு முதுகு சில்லென்று இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்கிரீன் உள்ள டேப்லெட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது ரேவதி. என்னோடு வேலை பார்த்தவள், என்னைவிட முப்பது வயது சின்னவள். மவுஸைப் பிடித்து மல்லாடிக்கொண்டிருந்த என் கையில் பேனாவைக் கொடுத்தவள் அவள்தான். லேயர் என்றால் என்ன என்று அவள் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. "படத்து மேல கண்ணாடித்தாள் வச்சு வரையற மாதிரிக்கா. நீங்க மேல என்ன வேணா பண்ணுங்க, அடியில இருக்கறவரு அப்படியே இருப்பாரு." ஒரே வாரத்தில் நான் அவளைவிட வேகமாகிவிட்டேன். வேகம் வந்தால் கூடவே என்ன வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சித்திரை மாதத்து நண்பகல். ரோட்டில் ஈ காக்கை இல்லை. கரண்ட் போய்விட்டு வந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் ரயிலுக்குப் போகிற பை. அவர் பின்னால் இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். அவர் பெயர் தங்கராசு, திருச்செங்கோட்டுப் பக்கம். அந்தப் பெண் அவருடைய தம்பி மனைவி செல்வி. உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார், அவள் உட்காரவில்லை.

"தம்பி குமரேசன் ரிக் வண்டில இருந்தானுங்க. போர்வெல் போட வடக்க போயி எட்டு மாசமாச்சு. பத்து நாளா போன் இல்லீங்க. நேத்து அங்கத்த போலீஸ்ல பேசுனாங்க. கால்வாயில ஒரு ஆளுங்க. போட்டிருந்த பனியன்ல ரிக் கம்பெனி பேரும் நம்பரும் இருந்துச்சாம். ஓனரக் கேட்டா, இவன் ஒருத்தனத்தான் காணோம்ங்கறாரு." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "சாயந்திரம் நாலரை ரயிலுக்குப் போறேனுங்க. நான் போயி பாத்துக் கையெழுத்துப் போட்டா அங்கயே காரியத்த முடிச்சுருவாங்களாம். ஊருக்குக் கொண்டாரத் தோதுப்படாதாம், நாளாயிருச்சாம்."

போனில் இருந்த படத்தைக் காட்டினார். நான் எல்லா வகைப் படமும் பார்த்தவள். அதையும் பார்த்தேன். ஊதிப் போன முகம், மூடிய கண், தலையைச் சுற்றிப் பாதிக் காது வரைக்கும் இறக்கிவிட்ட வெள்ளைத் துணி.

"இவ காலையில இருந்து அவரில்லை, அவரில்லைன்னே சொல்லிட்டு இருக்கறாளுங்க. மூஞ்சி ஊதிக் கெடக்கறதால அடையாளம் தெரியல. அம்மாவும் இவ சொல்றதக் கேட்டுட்டு அழ மாட்டேங்குது. நான் அங்க போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தப்புறமும் இவ இப்படியே சொல்லிட்டு இருந்தா என்னங்க பண்றது? அந்த ஊதுனதக் கொஞ்சம் கொறச்சு, கண்ணத் தொறந்து காட்டுங்க. பாத்தா ஒத்துக்குவா. அதையே பேனருக்கும் போட்டுக்கலாம்."

"அது அவரில்லீங்க்கா," என்றாள் செல்வி. அழவில்லை, கத்தவில்லை. இந்த பஸ் அங்கே போகாது என்று வழியில் சொல்கிறவர்கள் போலச் சொன்னாள்.

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பாவமாக இருந்தது. என் மேஜைக்கு முன்னால் நின்று அவரில்லை, அவளில்லை என்று சொன்னவர்கள் நிறைய. முதலில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், போகப்போகத் தெளிவார்கள் என்பது என் அனுபவம். பிள்ளைகளே, அனுபவம் நல்லதுதான். ஆனால் எதிரில் நிற்கிறவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போவது என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றினால், அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். நான் வைக்கவில்லை.

"கல்யாண போட்டோ இருக்கா?" என்று கேட்டேன். செல்வி போனில் வைத்திருந்தாள். மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற பையன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

வீக்கத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? கல்யாணப் போட்டோவில் கன்னம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. உதடு தடித்திருந்தது, கல்யாணப் போட்டோ அளவுக்கு மெலிதாக்கினேன். புருவம் ஒரு பக்கம் ஏறியிருந்தது, இறக்கினேன். வெள்ளைத் துணியை எடுத்துவிட்டால் அடியில் காது பாதிதான் இருந்தது. துணி பாதியை மறைத்திருந்தது. கல்யாணப் போட்டோவில் முழுக்காது தெளிவாக இருந்ததால் அதை அப்படியே எடுத்து வைத்து, பேனாவால் ஓரத்தை ஒட்டினேன். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது. உள்ளங்கையைப் படத்தின் மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகத்தை இன்னொரு முகத்தின் பக்கம் நகர்த்திக்கொண்டே போனேன். நடுவில் ஒரு தடவைகூட எழுந்து தள்ளி நின்று பார்க்கவில்லை.

செல்வி என் வலது தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தால் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள்.

இமைகளைத் திறந்தேன். விழியை வரைந்தேன். இடது கண்ணில் புள்ளி வைத்தேன், அப்புறம் வலது கண்ணில். கையை எடுத்தேன்.

எனக்குப் பின்னால் இருந்து, வீட்டில் சமையல்கட்டிலிருந்து கூடத்தைப் பார்த்துப் பேசுகிற குரலில், "சாப்டீங்களா?" என்றாள்.

என்னைக் கேட்கவில்லை. ரேவதியையும் கேட்கவில்லை. ஸ்கிரீனைப் பார்த்துக் கேட்டாள். படத்தில் இருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்படித்தானே நான் வரைந்திருந்தேன். பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம், "அவருதானுங்க," என்று சொல்லிவிட்டு, கைவளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மேஜையில் வைத்தாள். உடைக்கவில்லை, கழற்றி வைத்தாள். எட்டு கண்ணாடி வளையல். நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய உதவிங்க. காலையில இருந்து எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இப்பப் பாத்தப்புறந்தான் நிச்சயமாச்சுங்க."

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. இப்போது எழுதும்போதுகூட எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. ஒரு மனிதர் தன் தம்பியை நான் வரைந்த படத்தைப் பார்த்து நிச்சயம் செய்துகொள்கிறார், நானோ பாராட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டில் மாலை போட ஒரு படம் பிரேமோடு வேண்டும் என்றார்கள். அரை மணியில் கொடுத்தோம். செல்வி அதை மடியில் வைத்துக்கொண்டு, கூட வந்து வெளியே நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தியோடு திருச்செங்கோட்டு பஸ் ஏறினாள். தங்கராசு ஜங்ஷனுக்குப் போனார். பேனரை மறுநாள் காலையில் ஆள் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

மூன்று மணி இருக்கும். பேனர் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். லேயர் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதை அமுக்கினால் அந்த லேயர் மறையும். கை பட்டு, நான் வரைந்தது மொத்தமும் மறைந்துவிட்டது. அடியில் இருந்தவர் தெரிந்தார்.

மறுபடி அமுக்கினேன். குமரேசன் பார்த்தான். மறுபடி அமுக்கினேன். கண் மூடியவர் படுத்திருந்தார். நாலைந்து தடவை அமுக்கியிருப்பேன். ஒரு ஆள் கண்ணை மூடி மூடித் திறப்பது போல இருக்க வேண்டும் இல்லையா? அப்படி இல்லை. ஒருத்தர் எழுந்து போய் இன்னொருத்தர் அதே இடத்தில் வந்து படுப்பது போல இருந்தது. பெரிதாக்கிய படத்தில் காது மட்டும் என் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. அடியில் இருந்தவருக்குத் துணிக்கு வெளியே தெரிந்த காதின் கீழ் மடல், தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. குமரேசனுக்குத் தனியாகத் தொங்கியது. வரையும்போது அந்த இடத்தின் மேல்தான் என் கை இருந்திருக்கிறது.

ரேவதியைக் கூப்பிட்டேன். எதையும் சொல்லாமல் அமுக்கி அமுக்கிக் காட்டினேன். "ரெண்டு ஆளுக்கா," என்றாள் உடனே.

"வீங்குனா மடல் ஒட்டிக்குமா?"

"தெரியலக்கா. நான் காத வச்சுச் சொல்லல, ஆளுதான் வேற மாதிரி இருக்கு."

மணி மூன்றே கால். ரயில் நாலரைக்கு. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். தங்கராசு அங்கே போவார். நாள் கடந்த உடம்பு, துணியை விலக்கி யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். மனசில் என் படத்தை வைத்துக்கொண்டு போகிறவர் தம்பி என்றே பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். யாரோ ஒருத்தர் குமரேசனாக எரிந்து போவார். செல்விக்குத் தாலி இறங்கும். உண்மையான குமரேசன் எங்கே இருந்தாலும் அவனை அதற்குப் பிறகு யாரும் தேட மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் ஒன்றும் டாக்டர் இல்லை. இப்போது செல்விக்குப் போன் போட்டு, "அம்மா, நீ சொன்னதுதான் சரியோ என்னமோ" என்று சொல்கிறேன் என்று வையுங்கள். இரண்டு நாள் கழித்து அது குமரேசன்தான் என்று ஆனால், ஒரே வாரத்தில் அவள் இரண்டு தடவை அவனைச் சாகக் கொடுப்பாள். போனை எடுத்து அவள் நம்பரைத் தேடினேன். போனை மேஜையில் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணப் போட்டோவின் காதையும் போலீஸ் படத்தின் காதையும் மட்டும் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறவளை ஆட்டோ ஸ்டாண்டே பார்த்தது.

தங்கராசு பிளாட்பாரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தாளையும் நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"போன்ல சொல்லி, அம்மா இப்பத்தானுங்க அழ ஆரம்பிச்சிருக்குது. நீங்கதான் படத்த வரஞ்சீங்க. இப்ப நீங்களே வந்து காதுங்கறீங்க."

"நான்தான் வரஞ்சேன். அதான் சொல்ல வந்தேன். அந்தப் படத்துல இருக்கறது உங்க தம்பிதான். நான் உங்க தம்பியப் பாத்துத்தான் அதை வரஞ்சேன். படுத்திருக்கறவரு யாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் முகம் சுருங்கியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டு, கதவுப் பக்கம் நின்றபடி, "இப்ப என்னைய என்னதானுங்க பண்ணச் சொல்றீங்க?" என்றார்.

"என் படத்தைப் பாக்காதீங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி துணியை வெலக்கி அந்தக் காத ஒரே ஒரு தடவை பாருங்க."

தாள்களை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பார்ப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பேனரை அடிக்காமல் நிறுத்தி வைத்தேன். அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைத்திருப்பார்கள், எதிரே மாலை போட்ட படம் இருக்கும், அதிலிருந்து என் கையால் திறந்த கண் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதே நினைப்புதான். ஒரு சொல் சொன்னால் அவளை எழுப்பிவிடலாம். சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளை அவளுக்குக் கொடுத்தது நான், வேறு யாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "மடல் ஒட்டித்தானுங்க இருக்குது," என்றார் தங்கராசு. "மூஞ்சியப் பாத்தா, நீங்க காமிச்ச படம்தானுங்க கண்ணுல வருது. காதப் பாத்தப்புறந்தான் இவன் யாரோன்னு தெரிஞ்சுது. நான் கையெழுத்துப் போடலீங்க. ஊட்டுக்குப் பேசிட்டேன்."

அதற்கு அடுத்த வாரம் குமரேசனே வந்து சேர்ந்தான். ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறொரு ரிக் வண்டியில் ஏறி, இன்னும் தூரமாகப் போயிருக்கிறான். போன் வழியில் தொலைந்திருக்கிறது. கிளம்பும் அன்று வேலை கேட்டு வந்து நின்ற ஒருத்தருக்குத் தன் கம்பெனி பனியனைக் கழற்றிக் கொடுத்தானாம். பேர் கேட்கவில்லையாம்.

தங்கராசு போனில் இதைச் சொல்லிவிட்டு, "அந்தச் சனியன் புடிச்ச படத்த எல்லாம் அழிச்சுருங்க. என் போன்ல இருந்ததையும் அழிச்சுட்டேன். ஊட்டுல இருந்ததக் கெணத்துல போட்டாச்சு," என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. என் தப்பு என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பதை எத்தனை நாள் பார்ப்பது? பைலை எடுத்து அழித்தேன்.

"அடியில இருக்கற ஒரிஜினல் மட்டும் இருக்கட்டுமேக்கா," என்றாள் ரேவதி.

"செத்த ஆளு படம் நமக்கெதுக்கு?"

"யாருக்காச்சும் வேணும்னு வந்தா?"

"அவருக்கு யாரு வரப்போறா," என்று சொல்லிவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு கண்ணைத் திறந்தது என்றுதான் நீங்கள் இவ்வளவு நேரம் நினைத்திருப்பீர்கள். அதைத் திருத்த ஒரு ரயிலடி இருந்தது. இதைத் திருத்த ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு முற்பகலில் செல்வி தனியாக வந்தாள். கை நிறைய வளையல், தலையில் பூ. வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றேன். இரண்டு சீப்பு பழம் கொண்டுவந்திருந்தாள், மேஜையில் வைத்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கறாரு?"

"நல்லா இருக்கறாருங்க. இனி வடக்க போவ மாட்டேன்னுட்டாரு. இங்கயே ஒரு லாரி ஓட்டறாரு." தலையில் பூவைச் சரிசெய்துகொண்டாள். "வந்தன்னைக்கு ஊட்டுக்குள்ள காலெடுத்து வச்சதும் மூலையில கழட்டி வச்சிருந்த அந்தப் படத்தப் பாத்துட்டு, இது எப்ப எடுத்ததுன்னு கேட்டாருங்க. வரஞ்சதுன்னு அவருக்கே தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, எனக்கு அந்தப் படம் வேணுங்க."

"நான் வரஞ்சதா? அது எதுக்கும்மா, வேண்டாம்."

"அதில்லீங்க. மொதல்ல மச்சாண்டாரு காட்டுனாரில்லீங்க, கண்ண மூடிட்டு. நீங்க கை வைக்காதது. அது."

"அது எதுக்கு உனக்கு?"

கையில் இருந்த வளையல்களை மேலேயும் கீழேயும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். "இவரு முழிச்சிருக்கறப்ப ஒண்ணுமில்லீங்க. மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து படுப்பாருங்க. கண்ண மூடுனாருன்னா அந்த ஆளு மாதிரியே இருக்கறாரு. தண்ணி தெளிச்சு எழுப்பிடறேன். தூங்க வுட மாட்டேங்கறான்னு அவருக்குக் கோவம் வருது. என்னன்னு சொல்லுவேனுங்க?"

பழச் சீப்பை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்குக் காலையில அந்தப் படத்தப் பாத்ததும் இது அவரில்லைன்னு பட்டுன்னு சொன்னேனுங்க. அப்ப எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நீங்க வரஞ்சப்புறந்தான் தெரியாமப் போச்சு. மறுபடி ஒருக்கா அதப் பாத்தன்னா, மறுபடி அவரில்லைன்னு சொல்லிருவேனுங்க. அந்த ஆளு வேற, இவரு வேறன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுட்டாப் போதும். ஒருக்காப் பாத்தாப் போதுங்க."

ரேவதி அவள் மேஜையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இல்லம்மா," என்றேன். "உங்க மச்சாண்டார் சொன்னாரு. அழிச்சுட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"போலீஸ்ல இருக்குமுங்களா?"

"இருக்கும். மச்சாண்டாரக் கேட்டுப் பாக்கச் சொல்லேன்."

"அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கறாருங்க." தரையைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கடையில் பிரிண்டர் ஓடி நின்றது. பழம் கொண்டுவந்த மஞ்சப்பையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப அந்த ஆளு இனி எங்க ஊட்டுலதானுங்க இருக்கோணும்," என்றாள். "போயிட்டு வாரேனுங்க."